முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன்: அம்மா சீக்கிரம் எழுந்து நடந்து வீடு திரும்ப, வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலையில் வாக்கரைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனால், பல நேரம் எனக்கு முதலில் கிடைக்கிற பதில் இதுதான்: "இன்னைக்கு வேண்டாம் சார், ராத்திரி பூரா தூங்கல, பாவம், நாளைக்குப் பார்த்துக்கலாம்." சொல்வது மகளாக இருக்கும், மருமகளாக இருக்கும், சில நேரம் ஊரிலிருந்து பார்க்க வந்த தங்கச்சியாக இருக்கும். எல்லாமே பாசம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எலும்பு வார்டில் பிசியோதெரபிஸ்டாக இத்தனை வருடம் இருந்ததில் எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம், டாக்டர் எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும் அம்மா எத்தனை நாளில் வீட்டுக்குப் போவார் என்பதில் பெரிய பங்கு கட்டிலைச் சுற்றி நிற்கிற நம்மிடம்தான் இருக்கிறது. படுக்க வைத்தால் நாள் கூடும். எழுப்பி உட்கார வைத்து, கூட நின்று நடக்க வைத்தால் நாள் குறையும். என் அம்மாவுக்கே முழங்கால் மாற்றியபோது அந்தப் பக்கம் நின்று பார்த்தேன், "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று சொல்லத் தோன்றுவது எவ்வளவு இயல்பு என்று அப்போதுதான் புரிந்தது. அதனால் யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. தேதி குறித்துவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் இருக்கிற குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

இதில் ஒரு பழைய கதை இருக்கிறது. 1990களில் டென்மார்க்கில் ஹென்ரிக் கேலெட் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த ஒருவர் இன்றைக்கும் ஏன் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார் என்று ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் கேட்க ஆரம்பித்தார். வலியா, வாந்தியா, தலைசுற்றலா, சிறுநீர்க் குழாயா, பயமா, இல்லை வெறும் வழக்கமா? காரணத்தைக் கண்டுபிடித்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டால் ஆள் தானாக வீட்டுக்குப் போய்விடுவார் என்பது அவருடைய வழி. முதலில் குடல் ஆபரேஷனில் செய்து பார்த்தார்கள், பிறகு மூட்டு மாற்றுக்கும் அது வந்தது. 2000-ல் அந்த நாட்டில் இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றினால் சராசரியாக 10, 11 நாள் படுத்திருந்தார்கள். 2009-ல் அது 4 நாள் அளவுக்கு வந்துவிட்டது. அவசரப்படுத்தி விரட்டவில்லை, தடையை எடுத்தார்கள், அவ்வளவுதான். நம் ஊரிலும் இப்போது நல்ல இடங்களில் ஆபரேஷன் அன்றைக்கே எழுப்பி நிற்க வைக்கிறார்கள். மூன்று, நான்கு நாளில் அனுப்பிவிடுகிறார்கள். வீடு தயாராக இல்லாததுதான் இப்போது நான் பார்க்கிற பெரிய தடை.

ஒரு மாதம் முன்னாடியே

தேதி குறித்ததும் எல்லோரும் கேட்கிற கேள்வி, எந்தக் கம்பெனி மூட்டு, தங்க நிறத்தில் ஒன்று இருக்கிறதாமே அது நல்லதா என்பதுதான். கேளுங்கள், தப்பில்லை. ஆனால் அதைவிட முக்கியமாக ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேளுங்கள். பெண்களுக்கு 12-க்குக் கீழே, ஆண்களுக்கு 13-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. ரத்தம் குறைந்த உடம்போடு உள்ளே போனால் வெளியே வந்ததும் எழுந்து நிற்கும்போதே கண் இருட்டும், ரத்தம் ஏற்ற வேண்டி வரும், காயம் ஆறுவதும் மெதுவாகும். ஒரு மாதம் கையில் இருந்தால் இரும்புச் சத்து மாத்திரையிலேயே ஏற்றிவிடலாம், நேரம் இல்லாவிட்டால் இரும்புச் சத்து ஊசியாகவும் போடுவார்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதோடு காபி, டீ, பால் குடிக்கக் கூடாது, சத்து உடம்பில் சேராது. எலுமிச்சை ஜூஸ், நெல்லிக்காய் என்றால் நல்லது.

சர்க்கரை இருப்பவர்களுக்கு மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி டெஸ்ட் பார்ப்பார்கள். 8-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் தேதியைத் தள்ளிவைப்பார்கள். கோபப்படாதீர்கள், புது மூட்டில் கிருமி புகுந்தால் அதைச் சரிசெய்வது முதல் ஆபரேஷனைவிடப் பல மடங்கு கஷ்டம். இதே காரணத்துக்காகத்தான் சொத்தைப் பல், சிறுநீர்க் கடுப்பு, கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண், ஆழமான பித்தவெடிப்பு எல்லாவற்றையும் முன்னாடியே பார்த்துவிட வேண்டும். வீட்டிலேயே ரேசர் வைத்துக் காலை மழித்துக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர், அது வேண்டவே வேண்டாம். ரேசர் போடுகிற கண்ணுக்குத் தெரியாத கீறல்களில்தான் கிருமி உட்காரும். தேவைப்பட்டால் ஆஸ்பத்திரியில் கிளிப்பர் வைத்து முடியை வெட்டிவிடுவார்கள்.

சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு மயக்க மருந்து டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடுகிற மாத்திரையை எப்போது நிறுத்துவது, பிரஷர் மாத்திரையை அன்று காலை சாப்பிடலாமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டு அனுபவத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். மூட்டு வலிக்கு வெகு நாளாகப் பொடி, லேகியம் சாப்பிட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அப்படி விற்கிற சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு, அது தெரியாமல் ஆபரேஷன் செய்தால் ஆபத்து. பீடி, சிகரெட், வெற்றிலையோடு போடுகிற புகையிலை, எதுவாக இருந்தாலும் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும்.

அப்புறம் உடற்பயிற்சி. ஆபரேஷனுக்குப் பிறகு சொல்லிக்கொடுத்தால் வலியில் பாதி காதில் ஏறாது, அதனால் இப்போதே பழக வேண்டும். காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலைக் கட்டிலோடு அழுத்தித் தொடைத்தசையை இறுக்கி ஐந்து எண்ணி விடுவது. முழங்காலை மடக்காமல் காலை ஒரு சாண் தூக்கிப் பிடிப்பது. குதிகாலைப் படுக்கையில் தேய்த்தபடி காலை மடக்கி நீட்டுவது. கைப்பிடி நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் ஊன்றி இடுப்பைத் தூக்குவது. கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், வாக்கரில் உடம்பைத் தாங்கப்போவது கைதானே. வாக்கரையும் இப்போதே வாங்கி நாலு நடை நடந்து பாருங்கள். கையைத் தொங்கவிட்டு நேராக நின்றால் கைப்பிடி மணிக்கட்டு உயரத்துக்கு வர வேண்டும், அதற்கு ஏற்றபடி காலில் இருக்கிற பொத்தானை அழுத்தி உயரத்தைச் சரிசெய்யலாம்.

வீட்டைத் தயார் செய்வது

இதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். சில வருடம் முன்னால் ஒரு அம்மா, எழுபது வயதுக்குக் கொஞ்சம் மேல், மூன்றாம் நாளே வாக்கரில் வராண்டாவின் அந்தக் கோடிவரை நடந்தார். காயம் காய்ந்திருக்கிறது, வலி மாத்திரையில் அடங்குகிறது, டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். பிறகுதான் மகன் தயங்கித் தயங்கிச் சொன்னார், வீட்டில் கட்டில் கிடையாது, அம்மா பாயில்தான் படுப்பார், கழிப்பறை பின்கட்டில் இரண்டு படி இறங்கிப் போக வேண்டும், அதுவும் இந்தியன் டாய்லெட். அதை எல்லாம் சரிசெய்கிறவரை இன்னும் நான்கு நாள் அந்த அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். ஆபரேஷனுக்கு முன்னால் யாராவது அந்தக் குடும்பத்திடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம். அன்றிலிருந்து வரும் ஒவ்வொருவரிடமும் முதல் கேள்வியாகக் கேட்பது டாய்லெட்டைப் பற்றித்தான்.

வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாவிட்டால் நடுவில் ஓட்டை உள்ள கமோடு ஸ்டூல் ஒன்று வாங்கி இந்தியன் டாய்லெட்டுக்கு மேலேயே வைத்துக்கொள்ளலாம், மருத்துவ உபகரணக் கடைகளில் கிடைக்கும், வாடகைக்கும் தருகிறார்கள். கால் நான்கும் வழுக்காமல் நிற்கிறதா என்று நீங்கள் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். பக்கத்துச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி ஒன்று அடித்துவிட்டால் ரொம்ப நல்லது. துணி காயப்போடுகிற கொடி, தண்ணீர்க் குழாய், கதவுத் தாழ்ப்பாள் இதையெல்லாம் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க விடாதீர்கள்.

கட்டில் முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். நாற்காலியும் அப்படித்தான், கைப்பிடியோடு. பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவரோரமாகப் போட்டால் உயரமும் கிடைக்கும், உறுதியாகவும் இருக்கும். சோபா வேண்டாம், உள்ளே புதைந்துவிட்டால் எழுந்திருக்க முடியாது. வாசலிலும் குளியலறை முன்னாலும் கிடக்கிற கால்மிதிகளை எல்லாம் ஆறு வாரத்துக்குச் சுருட்டி வைத்துவிடுங்கள், வாக்கர் கால் அதில்தான் மாட்டும். படுக்கையிலிருந்து டாய்லெட் வரைக்கும் இரவு விளக்கு எரிய வேண்டும். புடவையைவிட நைட்டி நல்லது, அதுவும் கணுக்காலுக்கு மேலே நிற்கிற நீளத்தில். அப்பாக்கள் வேட்டி, லுங்கியை விட்டுவிட்டு அரைக்கால் சட்டைக்கு வந்துவிடலாம். செருப்பு என்றால் பின்னால் வார் உள்ளது. மாடியில் குடியிருந்தால் கவலை வேண்டாம், ஆஸ்பத்திரியிலேயே படி ஏறக் கற்றுக்கொண்டுதான் வரப்போகிறார், ஆனால் முதல் இரண்டு வாரம் தேவையானது எல்லாம் ஒரே தளத்தில் இருக்கட்டும்.

ஒன்று விட்டுப்போயிற்று. செவ்வாய்க்கிழமை, அஷ்டமி, நவமி அன்று வீட்டுக்குக் கூட்டிப்போக மாட்டோம் என்று நினைக்கிற குடும்பமாக இருந்தால், அதை டிஸ்சார்ஜ் அன்றைக்குச் சொல்லாதீர்கள். தேதி குறிக்கும்போதே காலண்டரைப் பார்த்து நான்காம் நாள் எந்தக் கிழமையில் விழுகிறது என்று கணக்குப் போட்டுவிடுங்கள். தேவையில்லாமல் தங்குகிற ஒவ்வொரு நாளும் பணச் செலவு மட்டுமில்லை, ஆஸ்பத்திரிக் கிருமி ஒட்டிக்கொள்வதற்கும் ஒரு நாள் கூடுதல் வாய்ப்பு.

ஆபரேஷன் அன்று

"ராத்திரி பத்து மணிக்கு மேல் பச்சைத் தண்ணி கூடக் கொடுக்காதீங்க" என்பது பழைய வழக்கம். இன்னும் பல இடங்களில் சொல்கிறார்கள். மதியம் இரண்டு மணிக்கு ஆபரேஷன் என்றால் வயதானவர் பதினாறு மணி நேரம் காய்ந்து கிடப்பார், பிறகு தலைசுற்றல், வாந்தி, அன்றைக்கு எழுந்து நிற்பது நடக்காது. இப்போது உலகெங்கும் மயக்க மருந்து நிபுணர்கள் பின்பற்றுகிற முறைப்படி, இட்லி மாதிரி லேசான சாப்பாடு ஆறு மணி நேரம் முன்புவரையும், எண்ணெய்ப் பலகாரம், கறி என்றால் எட்டு மணி நேரம் முன்புவரையும், வெறும் தண்ணீர், பால் சேர்க்காத டீ போன்றவை இரண்டு மணி நேரம் முன்புவரையும் கொடுக்கலாம். பால் தண்ணீர்க் கணக்கில் வராது, அது சாப்பாட்டுக் கணக்கு. ஆனால் இதை நீங்களாகச் செய்துவிடக் கூடாது. நெஞ்சு எரிச்சல், வெகு நாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு வயிறு மெதுவாகக் காலியாகும், அவர்களுக்குக் கணக்கு வேறு. மயக்க மருந்து டாக்டரிடம் "எத்தனை மணிவரை தண்ணீர் கொடுக்கலாம்" என்று நேராகக் கேட்டு, மணியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவரிடமே இன்னொன்றும் கேட்கலாம். பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்துதான் ஆபரேஷன் நடக்கும், அதோடு தொடையின் நடுப்பகுதியில் ஒரு நரம்பு ஊசி போடுவது உண்டு. அது வலியைக் குறைக்கும், தொடைத்தசையின் பலத்தை அவ்வளவாகப் பாதிக்காது, அதனால் அன்றைக்கே நிற்க முடியும். இடுப்பு மடிப்பில் போடுகிற பழைய வகை ஊசியில் தொடையே துவண்டுபோய் முழங்கால் மடங்கி விழுகிற அபாயம் இருந்தது. மூட்டைச் சுற்றியும் டாக்டர் மரத்துப்போகும் மருந்து செலுத்துவார், ரத்தக் கசிவைக் குறைக்க டிரனெக்சாமிக் ஆசிட் கொடுப்பார்கள். இதெல்லாம் அவர்கள் வேலைதான், ஆனால் "சிறுநீர்க் குழாய் போடுவீர்களா, எப்போது எடுப்பீர்கள்" என்று நாம் கேட்கலாம். குழாய் இருக்கிறவரை ஆள் எழுந்திருக்கமாட்டார். எழுந்திருக்காதவருக்குப் பெட்பேன், டயபர் என்று அடுத்த பழக்கம் வந்துவிடும்.

முதல் தடவை எழுந்து நிற்பது

கால் உணர்ச்சி திரும்பி, பாதத்தை மேலும் கீழும் நன்றாக அசைக்க முடிந்ததும், பெரும்பாலும் அன்று சாயங்காலமே எழுப்பலாம். முதல் தடவை பிசியோதெரபிஸ்டோ நர்சோ இல்லாமல் வேண்டாம். ஒரேயடியாக நிற்க வைக்கக் கூடாது. தலைப்பக்கத்தை உயர்த்தி ஐந்து நிமிடம், பிறகு கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு ஐந்து நிமிடம், கொஞ்சம் தண்ணீர், பாதத்தை இருபது முறை ஆட்டுவது, அப்புறம்தான் நிற்பது. முகம் வெளுத்தால், வியர்த்தால், கொட்டாவி மேல் கொட்டாவி விட்டால் படுக்க வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து மறுபடி முயற்சி. நாளைக்கு இல்லை, ஒரு மணி நேரம் கழித்து.

என் அம்மா அன்றைக்கு வாக்கரைப் பிடித்திருந்த பிடியில் கை எலும்பு வெளுத்துத் தெரிந்தது. கண்ணை இறுக்க மூடியிருந்தார். "அம்மா, கண்ணைத் திற, கீழே பார்க்காதே, ஜன்னலைப் பார்" என்றேன். திறந்தார். ஆபரேஷன் காலில் மெதுவாக எடையைப் போட்டார், அப்படியே நின்றார், பிறகு ஆச்சரியமாக என் முகத்தைப் பார்த்து, "தையல்தான்டா வலிக்குது, அந்தப் பழைய வலி இல்ல" என்றார். இருபது வருடமாக எலும்பும் எலும்பும் உரசின வலி போய்விட்டது என்பது நின்றால்தான் தெரியும். படுத்திருந்தால் வெட்டின வலி மட்டும்தான் தெரியும், பயமும் அதோடு சேர்ந்து வளரும். முதல் நாளே நிற்க வைக்க வேண்டும் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இது ஒரு பெரிய காரணம்.

நடக்கிற வரிசை இதுதான்: முதலில் வாக்கர், பிறகு ஆபரேஷன் கால், பிறகு நல்ல கால். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில் மேலே, இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில் கீழே. இரண்டு காலிலும் செய்திருந்தால் எந்தக் கால் பலவீனமோ அதை ஆபரேஷன் கால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வலி

வலியைப் பொறுத்துக்கொள்வது பெருமை என்று நினைக்கிற தலைமுறை இது. "மாத்திரை போட்டால் கிட்னி போயிடும்" என்று நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்து, சிஸ்டர் போனதும் துப்பிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வலியோடு இருக்கிறவர் காலை மடக்கமாட்டார், மடக்காத மூட்டு இறுகிப்போகும், இறுகினதை மடக்க இன்னும் வலிக்கும். எழுதிக் கொடுத்த நேரத்துக்கு எழுதிக் கொடுத்த அளவு மாத்திரை, வலி வந்தாலும் வராவிட்டாலும், முதல் சில நாட்கள் அப்படித்தான். பயிற்சிக்கு அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் முன்னால் மாத்திரை போட்டுக்கொண்டால் சுலபமாக இருக்கும். கிட்னி, அல்சர் பிரச்சினை ஏற்கெனவே இருந்தால் டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள், மாத்திரை வகையை மாற்றுவார். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக ஒன்று வாங்கிக் கூடுதலாகக் கொடுப்பதுதான் ஆபத்து, இரண்டு பெயரில் இரண்டு மாத்திரை இருக்கும், இரண்டிலும் பாராசிட்டமால் இருக்கும்.

ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் நன்றாக நடந்தவர் இரண்டாம், மூன்றாம் நாள் "வலி அதிகமாயிட்டுது" என்று அழுவார். ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று வீடே பயப்படும். நரம்பு ஊசியும் மூட்டைச் சுற்றிப் போட்ட மருந்தும் வடிந்துவிட்டன, அவ்வளவுதான். ஐஸ் வையுங்கள், துணியில் சுற்றி, ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம், ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை, கட்டும் காயமும் நனையாமல். வெந்நீர் ஒத்தடம் கூடாது. எண்ணெய் போட்டு நீவுவது கூடவே கூடாது, குறிப்பாகக் கெண்டைக்காலை. அங்கே ரத்தக்கட்டி ஏதாவது உருவாகியிருந்தால் நீவும்போது கிளம்பி நுரையீரலுக்குப் போய்விடும். மஞ்சள், வேப்பிலை எதையும் காயத்தில் அரைத்துப் பூசாதீர்கள்.

தலையணை

இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் வார்டில் நான் ஒரு நாளைக்குப் பத்து தடவை செய்கிற வேலை முழங்காலுக்கு அடியில் இருந்து தலையணையை உருவி எடுப்பதுதான். அடியில் தலையணை வைத்தால் இதமாக இருக்கும், உண்மைதான், மூட்டு லேசாக மடங்கியிருந்தால் வலி குறையும். ஆனால் அப்படியே நான்கைந்து நாள் கிடந்தால் கால் முழுசாக நீள்வதை மறந்துவிடும். மடக்குவது நாள்பட வந்துவிடும், நீட்டுவது போய்விட்டால் திரும்பக் கொண்டு வருவது மிகவும் கஷ்டம். நீளாத காலோடு நடக்கிறவர் நொண்டித்தான் நடப்பார், இடுப்பும் முதுகும் வலிக்கும், இவ்வளவு செலவு செய்து மாற்றியும் வலி போகவில்லை என்பார். அதனால் தலையணை வேண்டுமென்றால் குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முழங்கால் அந்தரத்தில் இருக்கட்டும், தானாக நீளும். அம்மா திட்டுவார். பரவாயில்லை, பத்து நிமிடமாவது வையுங்கள், ஒரு நாளைக்குப் பல தடவை.

மடக்குவதற்கு இரண்டு வாரத்தில் 90 டிகிரி என்பது பொதுவான இலக்கு, நாற்காலியில் உட்கார்ந்து பாதம் தரையில் தட்டையாகப் பதியும் அளவு. காலைத் தானாக மடக்கி நீட்டுகிற மெஷின் சில இடங்களில் வாடகைக்குத் தருகிறார்கள். நானாக இருந்தால் அதற்குப் பணம் செலவு செய்யமாட்டேன், தன் தசையால் தானே மடக்குவதோடு அதை ஒப்பிட முடியாது.

சாப்பாடு

"தையல் போட்டிருக்கு, சீழ் பிடிக்கும்" என்று முட்டை, மீன், கத்தரிக்காய், தயிர், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெறும் ரசம் சாதமும் பிரெட்டும் கொடுக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. சீழ் பிடிப்பது கிருமியால், கத்தரிக்காயால் இல்லை. காயம் ஆறவும் தொடைத்தசை தேறவும் புரதம்தான் வேண்டும், ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராமுக்குக் கொஞ்சம் அதிகமாக என்று வைத்துக்கொள்ளுங்கள், 60 கிலோ அம்மாவுக்கு 70 கிராம் போல. ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது, அதனால் ஒன்றிரண்டு முட்டை, சுண்டல், கெட்டியான பருப்பு, தயிர், பால், மீன் என்று மூன்று வேளையிலும் ஏதாவது ஒன்று சேர வேண்டும். அசைவம் சாப்பிடாதவர்களுக்குப் பன்னீர், சோயா, வேர்க்கடலை. கிட்னி பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும் டாக்டர் சொல்கிற அளவு.

மலச்சிக்கல் கண்டிப்பாக வரும். வலி மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை, படுக்கை, மூன்றும் சேர்ந்து. வயிறு உப்பி வாந்தி வருகிற மாதிரி இருந்தால் எந்தப் பயிற்சியும் நடக்காது. முதல் நாளிலிருந்தே தண்ணீர், பப்பாளி, கீரை, தேவையென்றால் டாக்டர் கொடுக்கிற சிரப்.

எப்போது வீட்டுக்கு

நாள் கணக்கு பார்க்காதீர்கள், இந்த விஷயங்களைப் பாருங்கள்: வயிறாரச் சாப்பிடுகிறார், சிறுநீர் தானாகப் போகிறது, வலி மாத்திரையில் அடங்குகிறது, கட்டு காய்ந்திருக்கிறது, கட்டிலில் தானே ஏறி இறங்குகிறார், வாக்கரில் டாய்லெட் போய் வருகிறார், வீட்டில் எத்தனை படி இருக்கிறதோ அத்தனை ஏறுகிறார். இது எல்லாம் வந்துவிட்டால் மூன்றாம் நாளே போகலாம். வராவிட்டால் ஐந்தாம் நாளும் போகக் கூடாது, பில் ஏறுகிறது என்பதற்காகவும் இல்லை, படுக்கை வேண்டும் என்று யாராவது சொல்வதற்காகவும் இல்லை. இதய நோய் உள்ளவர்கள், ஒரே நேரத்தில் இரண்டு காலும் செய்துகொண்டவர்கள், தனியாக வசிப்பவர்கள் கூடுதல் நாள் எடுத்துக்கொண்டால் அதில் ஒரு தப்பும் இல்லை. இன்சூரன்ஸ் இருந்தால் கிளம்புகிற நாள் பேப்பர் வேலைக்கு அரை நாள் ஆகும், அதனால் டிஸ்சார்ஜ் என்று முந்தின நாளே தெரிந்தால் அன்றைக்கே இன்சூரன்ஸ் டெஸ்க்கில் சொல்லி வையுங்கள்.

வயதான சிலர் ஆபரேஷன் முடிந்த முதல் இரண்டு இரவுகளில் இடம் தெரியாமல் குழம்பிப் பேசுவார்கள், ட்ரிப்ஸைப் பிடுங்குவார்கள். பயந்துவிடாதீர்கள், உடனே சிஸ்டரிடம் சொல்லுங்கள். கண்ணாடி, காது மெஷின் இரண்டையும் சீக்கிரம் மாட்டிவிட்டு, தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருந்து, பகலில் ஜன்னலைத் திறந்து வைத்து, இரவில் விளக்கைக் குறைத்து, நாள் கிழமை சொல்லிக்கொண்டே இருந்தால் பலர் தெளிந்துவிடுவார்கள்.

காரில் போகும்போது முன் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளிச் சாய்த்து, சீட்டில் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்தால் முதலில் உட்கார்ந்து பிறகு வழுக்கித் திரும்பிக் காலை உள்ளே வைக்கச் சுலபம். உட்கார்ந்ததும் பையை எடுத்துவிடுங்கள். ஆட்டோ, பைக் வேண்டாம். தூரப் பயணம் என்றால் மணிக்கு ஒருமுறை நிறுத்தி நாலு அடி நடக்க வேண்டும்.

வீட்டில் முதல் ஆறு வாரம்

மணிக்கு ஒருமுறை எழுந்து வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் நடப்பது, சாயங்காலம் ஒரே மூச்சில் அரை மணி நேரம் நடப்பதைவிட நல்லது. அதிகமாக நடந்தால் இரவில் கால் வீங்கும், அப்போது மறுநாள் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். பார்க்க வருகிறவர்களால்தான் பயிற்சி கெடும். நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இரண்டு மணி நேரம் போய்விடும், அம்மாவும் மரியாதைக்கு எழுந்திருக்கமாட்டார். வந்தவர்களையே கூட நடக்கச் சொல்லுங்கள், மாமாவும் அம்மாவும் வராண்டாவில் பேசிக்கொண்டே நடக்கட்டும்.

ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரை அல்லது ஊசியை ஒரு நாளும் விடாதீர்கள். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி, தொட்டால் வலித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108. காயத்தில் நீர் அல்லது சீழ் கசிந்தாலோ, சுற்றிலும் சிவந்து பரவினாலோ, குளிர் காய்ச்சல் வந்தாலோ ஆபரேஷன் செய்த டாக்டரிடமே போங்கள். பக்கத்துக் கிளினிக்கில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டு மூன்று நாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது, உள்ளே இருக்கிற கிருமியை அது மறைத்துவிடும்.

மற்றபடி பயப்பட வேண்டாதவை நிறைய. மூட்டு சில மாதம்வரை வெதுவெதுப்பாக இருக்கும், வீக்கம் மூன்று மாதத்துக்கு மேலும் போகலாம், கன்றிய நிறம் கணுக்கால்வரை இறங்கும், தழும்புக்கு வெளிப்பக்கம் கையளவு இடம் மரத்திருக்கும், நடக்கும்போது கட்கட்டென்று சத்தம் வரும். எல்லாம் சகஜம். சம்மணம் போட்டு உட்காருவது, தரையில் குந்துவது இதை எல்லாம் டாக்டர் சொல்லாமல் முயற்சி செய்ய வேண்டாம். இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்கு விதிகள் இன்னும் கண்டிப்பானவை, கால் மேல் கால் போடக் கூடாது, தாழ்வாக உட்காரக் கூடாது, எந்தப் பக்கமாகத் திறந்து செய்தார்கள் என்பதைப் பொறுத்து மாறும், அதனால் அவர்கள் டாக்டர் கொடுக்கிற பட்டியலையே பின்பற்றட்டும்.

தினமும் பிசியோதெரபிஸ்டை வீட்டுக்கு வரவழைக்கப் பணம் இல்லாதவர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் கேட்டுப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த அந்தத் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரையோடு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் இருக்கிறது. பலருக்கு இது தெரிவதே இல்லை. ஆபரேஷனுக்கு முன்பே போய்ப் பெயரைச் சொல்லி வைத்துவிட்டால் நல்லது.

இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் அம்மா ஒரு நாள் "ஏன்தான் இதைச் செய்துகிட்டேனோ" என்பார். இரவில் தூக்கம் வராது, திரும்பிப் படுக்க முடியாது, வந்து பார்த்தவர்களும் நின்றுவிடுவார்கள், எல்லாம் சேர்ந்து மனசு சோர்ந்துபோகும். எதிர்வாதம் செய்யாதீர்கள். தினசரிக் காலண்டரில் முதல் நாளிலிருந்தே எழுதி வையுங்கள், இன்று கட்டிலிலிருந்து வாசல்வரை, இன்று தெருமுனைவரை, இன்று கால் நாற்காலிக்கு அடியில் இவ்வளவு தூரம் மடங்கியது என்று. அன்றைக்கு அந்தத் தாள்களை எடுத்துக் காட்டுங்கள். ஆறாவது வாரம் டாக்டரைப் பார்க்கப் போகும்போதும் அதையே கொண்டு போங்கள், ஊன்றுகோலுக்கு மாறலாமா, அதையும் விட்டுவிடலாமா, வண்டி ஓட்டலாமா என்று அவர் முடிவு செய்ய அது உதவும்.